பதினாலாம் கட்டிலின் வீடு

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, தூத்துக்குடி பைபாஸ் ரோட்டோரத்து ஆஸ்பத்திரி வாசலில், நீலச் சுண்ணாம்பு அடித்த இரண்டு அறை வீடு ஒன்று வெள்ளைத்திட்டு கிராமத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் வந்து நின்றபோது, வாசல் காவலுக்கு இருந்த லாசர் அண்ணன் அதை மேலும் கீழும் பார்த்தார். அவர் கையிலிருந்த டோக்கன் புத்தகத்தில் டூவீலர், கார், ஆட்டோ, ஆம்புலன்ஸ் என்று நான்கு கட்டம்தான் அச்சடித்திருந்தது. எந்தக் கட்டத்தில் பேனாவை வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்து, கடைசியில் ஆம்புலன்ஸுக்கு நேராக ஒரு கோடு போட்டு, டோக்கனைக் கிழித்து ஜன்னல் கம்பியில் செருகினார். உள்ளே நோயாளி இருப்பது வாசலில் நின்றபோதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

அது எப்படி வந்தது என்று கேட்டவர் குறைவு, எந்த வழியாக வந்தது என்று கேட்டவர்தான் அதிகம். உப்பள ரோடு வழியாக வந்து மேம்பாலத்தில் ஏறாமல் சர்வீஸ் ரோட்டில் திரும்பியது என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். சிவப்பு விளக்குக்கு மரியாதையாக நின்றது என்றும், பள்ளிக்கூட வேன் ஒன்றுக்கு வழி விட்டது என்றும், நம்ம ஊர் டவுன் பஸ் டிரைவர்களுக்கு அதனிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கொடியில் கிடந்த பாவாடை இன்னும் ஈரமாகவே இருந்தது. வாசல்படியில் ஒரு சாம்பல் நிறக் கோழி, பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது போல, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள் சங்கரவடிவு. ஆஸ்பத்திரியில் அவளுக்கு டிஸ்சார்ஜ் கோஆர்டினேட்டர் என்று பெயர். டாக்டர் வைத்தியம் பார்ப்பார், நர்ஸ் மருந்து கொடுப்பார், ஆனால் பிழைத்த மனிதனை வீடு சேர்ப்பது வடிவின் வேலை. எந்த மாத்திரை எப்போது, எந்தப் புண்ணை யார் துடைப்பது, எந்தத் தேதியில் திரும்ப வருவது, நடக்க முடியாதவர் எப்படி கக்கூஸ் போவார், அதற்குப் படி எத்தனை, பிடிக்கக் கம்பி உண்டா என்று எட்டுப் பக்கத்துக்கு ஒரு படிவம் வைத்திருந்தாள். அதில் ஏழாவது கேள்வி, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பது. பக்கத்தில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். பதினோரு வருடத்தில் இல்லை என்ற கட்டத்தில் அவள் பேனா பட்டதே கிடையாது. ஆள் இல்லாத வீடும் உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்பாள், எதிரே நிற்பவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார்கள்.

அவள் அனுப்பிய நோயாளி முப்பது நாளுக்குள் திரும்பி வந்து படுத்ததில்லை என்று ஒரு பெயர் உண்டு. ஒரு வருடமும் இரண்டு மாதமுமாக அந்தக் கணக்கு பூஜ்யத்திலேயே நின்றது. நிர்வாகம் பார்க்கும் டாக்டர் திரவியம் அதைப் பலகையில் எழுதி லிப்ட் பக்கத்தில் மாட்டி, கேக் வெட்டி, வடிவுக்கு ஒரு குத்துவிளக்கும் பரிசு கொடுத்திருந்தார். வருகிற சனிக்கிழமை தரச்சான்று கொடுக்கிற குழு வரப்போகிறது, அவர்கள் முதலில் பார்க்கப்போவது அந்தப் பலகையைத்தான் என்று அவர் நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்த வாரம் அது.

வீட்டைப் பார்த்தபோது வடிவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. புதிதாக மருந்துக்கடை வைக்கிறார்கள் போல என்று நினைத்துக் கடந்து போனவள், வாசல் நிலைக்கு மேலே சிவப்பு பெயின்ட்டில் 3/118 என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எட்டு நாளைக்கு முன்னால், இசக்கிமுத்து, வயது ஐம்பத்து நான்கு, பதினாலாம் கட்டில், பக்கவாதம், மூக்குக் குழாய் வழியாக உணவு, கதவிலக்கம் 3/118. ஏழாவது கேள்விக்கு, உண்டு.

உள்ளே போனாள். உள்ளே அவள் பார்த்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம்தான், ஆனால் அவள் பார்த்தாளே, நாம் பார்க்காமல் போனால் நியாயமா. மடக்குக் கட்டிலில் இசக்கிமுத்து, எட்டு நாளைக்கு முன் எப்படிப் படுக்கவைத்து அனுப்பினார்களோ அப்படியே மல்லாந்து கிடந்தார். மூக்குக் குழாயில் கஞ்சி காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. வடிவு அவர் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினாள். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதை போய்விட்டிருந்தது. அவர் கண் மட்டும் திறந்து அவளையே பார்த்தது, வாய் பேச வராத மனிதர், பேசியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். வெளியே ஓடி வந்து ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சர் என்று கத்தியபோது அது தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இசக்கிமுத்துவைப் பதினாலாம் கட்டிலிலேயே மறுபடி படுக்கவைத்தார்கள். புதுக் குழாய் போட்டார்கள், புண்ணைச் சுத்தம் செய்தார்கள், இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சீழ் இரத்தத்தில் ஏறியிருக்கும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். வீடு வெளியே நின்றது. ஆள் இறங்கியதும் போய்விடும் என்று லாசர் அண்ணன் கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அது போகவில்லை.

மத்தியானம் இசக்கிமுத்துவின் மனைவி பூரணம் வந்து சேர்ந்தாள். காலும் கையும் உப்புப் பூத்து, தலையில் சும்மாட்டுத் துணியோடு, கையில் தூக்குவாளியோடு, உப்பளத்து வேலைக் கோலத்திலேயே வந்திருந்தாள்.

“வேலை முடிஞ்சு போனா வீட்டக் காணல. வீடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குன்னு டீக்கடையில சொன்னாவ. அதான் வந்துட்டேன்” என்றாள். வீட்டின் சுவரை ஒருதரம் தடவிப் பார்த்தாள். “இதுக்காவது புத்தி இருந்துருக்கே.”

வடிவு காலையிலிருந்து தன் பயத்தையெல்லாம் கோபமாக மாற்றி வைத்திருந்தாள், அதை எடுத்து வீசினாள். “ஏம்மா, எத்தன தடவ படிச்சுப் படிச்சு சொன்னேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்கவைக்கணும், கஞ்சி விட்டதும் அம்பது மில்லி தண்ணி விடணும், இல்லன்னா குழாய் அடைச்சுக்கிடும்னு. நீங்களும் ஒரு எழுத்து விடாம திருப்பிச் சொன்னியளே!”

பூரணம் அவளை உற்றுப் பார்த்தாள். “எங்கிட்டயா? எங்கிட்ட எப்பம்மா சொன்னிய? உங்கள நான் இன்னைக்குத்தான் பக்கத்துல நின்னு பாக்கேன்.”

வடிவுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது. ஏனென்றால் பூரணம் சொன்ன பிறகுதான் அவளும் அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்த முகம் இது இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குப் போனபின் செய்யவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, நோயாளியோடு கூட இருக்கும் அட்டெண்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும், தப்பில்லாமல் சொன்னால்தான் வடிவு டிக் போடுவாள். இந்த விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. கலெக்டரே வந்து நின்றாலும் திருப்பிச் சொல்லுங்க சார் என்பாள். அன்றைக்குப் பதினாலாம் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண், தலைமாட்டை உயர்த்துவதிலிருந்து குழாயின் மூடியை மாட்டுவது வரை, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல ஒரு பிசகு இல்லாமல் ஒப்பித்தாள். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு அட்டெண்டரைப் பார்த்ததில்லை என்று வடிவு நர்ஸ்களிடம் புகழ்ந்துகூட வைத்தாள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் கேட்கவில்லை. வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, பதினாலு அட்டெண்டர், பதினஞ்சு அட்டெண்டர் என்றுதான் கூப்பிடுவது.

வடிவு வார்டுக்கு ஏறி ஓடினாள். பதினாலாம் கட்டிலுக்கு மேலே மின்விசிறி சுற்றியது. பதினைந்தாம் கட்டிலுக்கு மேலே இருந்தது சுற்றவில்லை, அது சுற்றி ஆறு மாதம் ஆகிறது, அதை எழுதிப் போட்ட சீட்டு ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அங்கே நின்றபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூரணம் காப்பீட்டுக் கவுன்ட்டரில் கைரேகை வைக்கப் போகும்போது, இந்தா வந்துருதேன், கொஞ்சம் பாத்துக்கோங்க என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரியும் காற்றுக்காக இந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பதினாலு தானே என்று வடிவு கேட்டபோது, பாத்துக்கோங்க என்று தன்னிடம் ஒப்படைத்த கட்டில் ஆயிற்றே, அவள் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். பூரணம் திரும்பி வந்தபோது பதினேழு தாளில் ஒரே மூச்சாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பதினைந்தாம் கட்டிலின் பழைய படிவத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணுக்கு வடிவு போன் போட்டாள். கயத்தாறிலிருந்து காளீஸ்வரி என்ற பெண் பேசினாள்.

“பதினஞ்சுக்காரவுகளா? அவுக போயி இன்னையோட ஏழு நாளும்மா. மறுநாளே ஐசியூக்குக் கொண்டுபோனாவல்லா, அதோட சரி.”

“அன்னைக்கு நான் சொல்லிக் குடுத்தேனே, அது உங்களுக்கு இல்லைன்னு தெரியாதாம்மா?”

“எல்லாத்துக்கும் பொதுவா சொல்லுதியன்னு நெனச்சேன். இவுகளுக்கும் கொழா போட்டிருந்துச்சுல்லா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா உதவுமேன்னு மனசுல ஏத்திக்கிட்டேன்.” பிறகு அவள் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். “எனக்கு இன்னும் மறக்கல கேட்டியளா. தலமாட்ட நல்லா உசத்தணும். கொழாவத் தெறக்க முன்ன கையக் கழுவணும். கஞ்சிய வடிகட்டி, வெதுவெதுப்பா, மெதுவா விடணும்…”

அவள் ஐம்பது மில்லி தண்ணீர் வரை சொல்லி முடித்தாள். ஒரு பிசகு இல்லை. வடிவு போனைக் காதில் வைத்தபடி மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமைக்குள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பழகிவிட்டது, ஆஸ்பத்திரி வீட்டுக்குப் பழகிவிட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, நிற்பது சரி, பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவில்லையே என்று கண்டித்துவிட்டுப் போனார், லாசர் அண்ணன் ஒட்டினார். கரண்ட் ரீடிங் எடுப்பவர் வெள்ளைத்திட்டில் மீட்டரைக் காணாமல் விசாரித்து வந்து, அது எந்தக் கம்பியிலும் சேராமல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதனாலென்ன, ஓடினால் சரி என்று குறித்துக்கொண்டார். மேற்குச் சுவரின் நிழலில் அட்டெண்டர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்கள், கொடியில் துண்டு காயப்போட்டார்கள், எக்ஸ்ரே எங்கே என்று கேட்டவர்களுக்கு வீட்டைத் தாண்டி இடது கைப் பக்கம் என்று வழி சொன்னார்கள். பிரசவ வார்டுப் பெண்கள் கோழியின் முட்டைக்கு முறை வைத்துக்கொண்டார்கள். பூரணம் தன் வீட்டிலேயே சமைத்து, தன் வீட்டிலேயே குளித்து, நாலு மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி அளத்துக்குப் போனாள். அவளுக்கு இதுவரை வாய்த்ததிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கமான வீடு இதுதான்.

டாக்டர் திரவியம் மட்டும் பழகவில்லை. வடிவை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, எந்த வார்டு பாய் பெயரையும் மறக்காதவர், ஆனால் சனிக்கிழமை வரப்போகிற குழு அவர் தூக்கத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள டிஸ்சார்ஜ் பண்ணிருங்கம்மா” என்றார்.

“யாரை சார்?”

“ரெண்டையும்.”

வடிவு யோசித்தாள். ஆள் இருந்தால் வீடு போய்விடும், அவளுக்கு அது புரிந்திருந்தது, ஆள் இல்லாமல் அனுப்பியதால்தானே அது வந்தது. ஆகையால் ஆளைத் தேடக் கிளம்பினாள். தேடாவிட்டால் இசக்கிமுத்து மறுபடி அந்த மடக்குக் கட்டிலில் மல்லாந்து கிடப்பார், இந்த முறை அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி வரை வரத் தெம்பு இருக்குமோ இருக்காதோ, இன்னொரு எட்டு நாளை அந்த முதுகு தாங்காது.

வியாழக்கிழமை வெள்ளைத்திட்டுக்குப் போனாள். பதினோரு வருடத்தில் நூற்றுக்கணக்கான வீட்டுக்கு ஆளை அனுப்பியவள், ஒரு வீட்டுக்குக்கூட போய்ப் பார்த்ததில்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீடு இருந்த இடம் இரண்டு வீட்டுக்கு நடுவில் பல் விழுந்தது போல வெள்ளையாகக் கிடந்தது. இடம் சும்மா கிடப்பானேன் என்று பக்கத்து வீட்டு லில்லி அதில் கருவாடு காயப்போட்டிருந்தாள்.

“நல்ல மனுசன். எம்மவ கல்யாணத்துக்குப் பந்தல் காலெல்லாம் அவருதான் ஊனுனாரு” என்றாள் லில்லி, காக்கையை விரட்டிக்கொண்டே. “அவருக்கு ஒண்ணுன்னா எட்டிப் பாப்பேன். பாக்காம இருப்பேனா? ஆனா பொழுதன்னைக்கும் கூட இருந்து பாக்கணும்னா எப்படிம்மா? நானும் மீன் ஏலத்துக்குப் போகணும்லா. இந்தத் தெருவுல பகல்ல வந்து பாருங்க. கோழியும் நாயும்தான் கெடக்கும்.”

வடிவு தெருவைப் பார்த்தாள். இருபது வீடு, இருபதும் சாத்திக் கிடந்தது. சாத்தான்குளத்தில் இசக்கிமுத்துவின் தங்கை இருந்தாள், அவளுக்கே கிட்னி பழுது. சம்பளத்துக்கு நர்ஸ் வைக்கலாம் என்றால் பூரணத்தின் மாதக் கூலி அந்த நர்ஸின் பத்து நாள் சம்பளத்துக்குக் காணாது. பூரணம் வேலையை விட்டால் கஞ்சி எங்கிருந்து வரும். அன்று மாலை வடிவு திரும்பி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்து, எட்டுப் பக்கத்தையும் விரித்து, முதல் முறையாகப் பூரணத்திடம் கேள்வியைக் கேள்வியாகவே கேட்டாள்.

“வீட்டுல பாத்துக்கிட ஆளு உண்டாம்மா?”

“நாலு மணிக்குப் போனா ஒண்ணரை ரெண்டாவும் வர. போவும்போது ஊத்துவேன், வந்து ஊத்துவேன். நடுவுல அவுகளும் செவரும்தான்.” பூரணம் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “வீட்டுல ஆளு இருக்குன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா? பேப்பர்ல எழுதியிருக்குன்னு அன்னைக்கு அந்த நர்ஸம்மா வாசிச்சாவ. நானே அசந்துட்டேன். நம்ம வீட்டுல யாருடா அந்த ஆளுன்னு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்கள்லாம் படிச்சவுக. எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

அந்தச் சொல் வடிவை அறைந்தது போல இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். பூரணம் வெங்காயம் வதக்கிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கம் பேசுவது போல அல்லவா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் திரவியத்தின் மேசையில் படிவம் இருந்தது. பக்கத்து வீட்டு லில்லியின் பெயரைப் போட்டு உண்டு என்று ஒரு டிக் போடச் சொன்னார். “ஒரு டிக்தானம்மா. நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும், அப்புறம் நானே ஏதாவது ஏற்பாடு பண்றேன். நேர்மையாப் பார்த்தா ஊருல எந்த வீட்டுலம்மா ஆள் இருக்கு?”

இதை அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது? அப்படியானால் அந்த ஒரு வருடமும் இரண்டு மாதமும்? அனுப்பிய மூன்றாம் நாள் அவள் எல்லோருக்கும் போன் போடுவாள். எடுத்தால் நலமா என்று கேட்பாள். எடுக்காவிட்டால், புகார் இல்லை, நலம் என்று எழுதவேண்டும் என்பது அங்கே வழக்கம். திரும்பி வராதவர்களெல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்றுதானே கேக் வெட்டினார்கள்? வர முடியாதவர்களை எந்தக் கட்டத்தில் போட்டார்கள்?

பேனாவை எடுத்து ஏழாவது கேள்விக்கு இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கட்டம் சின்னதாக இருந்தது என்று பக்கத்தில் பெரிதாக, ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் பேயறைந்தவர் போல ஆகிவிட்டார். “இந்தப் பேப்பரை வச்சு அவரை எங்கம்மா அனுப்புவீங்க?”

“அனுப்ப முடியாது சார். அதைத்தான் எழுதியிருக்கேன்.”

அதே நேரத்தில் வெளியே வீடு, கால் கடுக்க நின்ற மனிதர் உட்காருவது போல, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் இறங்கி அமர்ந்தது என்று லாசர் அண்ணன் ஓடி வந்து சொன்னார். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பச்சை வலை நான்கு சுருள் வாங்கிவரச் சொல்லி, வீட்டை முழுதாக மூடி, கட்டுமானப் பணி நடைபெறுகிறது என்று பலகை மாட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி நேரில் கண்டது, ஏனென்றால் வலைக்குள்ளிருந்து பூரணத்தின் மீன்குழம்பு வாசம் லிப்ட் வரைக்கும் வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய குழு பத்தரைக்கும் வரவில்லை. ரோடு அடைத்துக்கிடக்கிறது, நடந்து வருகிறோம் என்று போனில் சொன்னார்கள். லாரி கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டதற்கு, லாரி இல்லை என்றார்கள், அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வடிவு வாசலுக்கு வந்தாள். பைபாஸ் ரோட்டில், வடக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும், தெற்கே உப்பளம் வெளுப்பாகத் தெரிகிற இடம் வரைக்கும், வீடுகள் வந்துகொண்டிருந்தன. ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனி வீடு, கலர் டைல்ஸ் ஒட்டிய மாடி வீடும் இரண்டு மூன்று, ஒன்றை ஒன்று முந்தாமல், இடித்துக்கொள்ளாமல், ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக, ஆஸ்பத்திரிக்குள் சத்தம் போடக்கூடாது என்று தெரிந்த மனிதர்களைப் போல வந்தன. அவள் அவற்றில் ஒன்றையும் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு நிலையிலும் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததும் ஆளைச் சொன்னாள். 14ஏ, இடுப்பு எலும்பு, மகள் உண்டு. 2/77, சர்க்கரைப் புண், மருமகள் உண்டு. 9/4, நுரையீரல், அண்ணன் மகன் உண்டு. உண்டு, உண்டு, உண்டு என்று அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே போனது. சில ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. சிலதில் இருமல் கேட்டது.

“கேட்டை மூடுங்க, லாசர், மூடுங்க!” என்று டாக்டர் மேலேயிருந்து கத்தினார்.

“தெறந்து விடுங்கண்ணே” என்றாள் வடிவு. “எல்லாம் நான் எழுதுன அட்ரஸ்தான்.”

லாசர் அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்டின் இரண்டு கதவையும் சுவரோடு சேர்த்துத் தள்ளினார். உள்ளேயிருந்து நர்ஸ்கள் கையில் கிடைத்த ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். அன்றைக்கு அளத்துக்குப் போகாதிருந்த பூரணம் பச்சை வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, முதலில் கிடைத்த வீட்டுக்குள் ஏறி, தலைமாட்டை உயர்த்துங்க என்று யாருக்கோ சொன்னது கேட்டது.

வரிசையில் நான்காவதாக வந்த வீட்டில் மட்டும் யாரும் ஏறவில்லை. அது வெளியே பூட்டியிருந்தது. 6/31, தருவைக்குளம், ராஜகனி, இதயம், மகன் உண்டு. மூன்றாம் நாள் போன் எடுக்கவில்லை, ஆகவே நலம். அதன் முன்சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையில் ராஜகனி சிரித்துக்கொண்டிருந்தார், டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தபோது சிரித்த அதே சிரிப்பு. வடிவு ரோட்டுப் புழுதியை முந்தானையால் துடைத்து மறைந்த தேதியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். அவள் அனுப்பிய ஐந்தாம் நாள்.

குழுவிலிருந்து வந்த மூன்று பேரும் வியர்த்து ஒழுகி, கழுத்தில் அடையாள அட்டையோடு, அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களில் பெரியவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். வடிவு திரும்பவில்லை. பூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, போஸ்டரிலிருந்த முகத்திடம், அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டியதை நிதானமாக, பெயர் சொல்லிக் கேட்டாள்.

“ராஜகனி ஐயா, உங்கள யாரு பாத்துக்கிட்டா?”

ரோட்டில் வந்துகொண்டிருந்த வீடுகள் எல்லாம், அந்தப் பதிலைத் தாமும் கேட்கவேண்டும் என்பதுபோல, இருந்த இடத்திலேயே நின்றன.